கத்திரிக்காயின் பொட்டு

சாவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவான் என்று உறவினர்கள் என்னைப் பற்றிச் சொல்வதுண்டு. (பாராட்டா, புகாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.) ஆனால் கையில் ஓர் அட்டையும் காதில் ஒரு பேனாவும் வைத்துக்கொண்டு யாராவது என் பொருளைச் சுற்றிவந்து "ம்ம்ம்" என்று சொன்னால் போதும், என் நகைச்சுவை முழுவதும் ஓடி ஒளிந்துகொள்ளும். இத்தனைக்கும் என் பிழைப்பே அதுதான். பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. மற்றவர்கள் செய்த பொருளைச் சுற்றிவந்து நாள் முழுக்க "ம்ம்ம்" சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற டாக்டர், தனக்கு ஊசி என்றதும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிற மாதிரிதான் என் கதையும்.

நான் கட்டிலுக்கு அடியில் ஒளியாமல் போனது ஒரே ஒரு தடவை. அதற்குக் காரணம் பக்கத்தில் கட்டில் இல்லை. கத்திரிக்காய்தான் இருந்தது.

கத்திரிக்காய் என்பது என் மாமனாருடைய காடி. (பினாங்கில் நாங்கள் காரைக் காடி என்றுதான் சொல்வோம்.) அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டி. மாமா துறைமுகத்தில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்த்தபோது, ஊரைவிட்டுப் போன ஒரு பல் டாக்டரிடம் வாங்கியது. வாங்கியபோது நல்ல சிவப்பாம். பினாங்கு வெயிலும் மாமா வாராவாரம் பூசித் தேய்க்கும் ஏதோ ஒரு மெழுகும் சேர்ந்து அதைக் கத்திரிக்காய் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. உருவமும் அப்படியே. முன்னால் ஒடுக்கம், பின்னால் உருண்டை. பெயர் வைத்தது என் மனைவி சாந்தி, பள்ளிக்கூடம் போகும் வயதில். மாமாவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. அவர் எப்போதும் "அவ" என்றுதான் சொல்வார். "அவளுக்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்ல" என்று அவர் சொன்னால், வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அத்தையைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிரச்சினை வண்டியிடம் இல்லை, ஓட்டுகிறவரிடம் இருந்தது. மாமாவுக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஜார்ஜ் டவுன் சாலைகள் எல்லாம் தான் வாலிபனாக இருந்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே இருப்பதாக வைத்துக்கொண்டு ஓட்டினார். ஒருநாள் ஒருவழிச் சாலைக்குள் எதிர்ப்பக்கமாகப் போய், எதிரே வந்த பஸ்ஸைப் பின்னால் போகச் சொல்லிக் கையை ஆட்டியிருக்கிறார். கேட்டதற்கு, "நான் ஓட்ட ஆரம்பிச்சப்போ இது ரெண்டு பக்கமும் போற ரோடு. அவங்க மாத்துனா அதுக்கு நான் மாறணுமா?" என்றார்.

அடுத்த மாதம் லிட்டில் இந்தியாவில் ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று ஒரு பூக்கடையின் வாளிகள் மேல் ஏற்றிவிட்டார். நல்லவேளை, பூவிற்கிற அக்கா அந்த நேரம் பார்த்துச் சில்லறை மாற்றப் போயிருந்தார். கத்திரிக்காய் பின் பம்பரில் ஒரு முழம் மல்லிகையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. அத்தை வாசலில் நின்று பார்த்தார்.

"கட்டிக்கிட்டவ பூ கேட்டா கடை மூடிட்டான்னு சொல்றது. காடிக்கு மட்டும் பூ வச்சுக் கூட்டிட்டு வர்றது!"

சாந்தி சிரிக்கவில்லை. அன்றே அப்பாவிடம் சாவியைக் கேட்டாள். அழுதாள், கத்தினாள், கடைசியில் இரண்டையும் சேர்த்துச் செய்தாள். மாமா இறங்கிவந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்.

"சரிலா. மாப்ள பேருக்கு மாத்திடறேன். காடி டெஸ்ட்டுல பாஸாகட்டும், அன்னிக்கே சாவி அவரு கையில. ஃபெயிலாச்சுன்னா இந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. கண்ண மூடற வரைக்கும் நான்தான் ஓட்டுவேன்."

எங்கள் நாட்டில் சொந்தக் காடியைப் பரிசோதனைக்குக் கொண்டுவா என்று யாரும் வருடாவருடம் கூப்பிடுவதில்லை. ஆனால் வேறொருவர் பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால் பரிசோதனை நிலையத்தில் தேறியாக வேண்டும். மாமா வாங்கிய காலத்தில் இந்த விதி இல்லை. அதாவது கத்திரிக்காய் தன் ஆயுளில் ஒரு பரீட்சைகூட எழுதாமல் இவ்வளவு தூரம் வந்திருந்தது. அதற்கு டியூஷன் எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

புறப்படுகிற அன்று காலை சாந்தி என் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "இது பாஸாகலன்னா அடுத்த தடவ எங்கப்பா வாளி மேல ஏத்த மாட்டாரு, ஆள் மேலதான் ஏத்துவாரு. பார்த்துக்குங்க." காலரைச் சரிசெய்த கை அப்படியே கொஞ்சம் கழுத்தையும் இறுக்கியது.

மாமா இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில், மகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போகிறவர் மாதிரி கூடவே வந்தார். வண்டி ஃபெயிலாக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஆனால் வண்டியை யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது. இந்த இரண்டும் ஒரே மனிதருக்குள் எப்படிக் குடியிருந்தன என்று கேட்காதீர்கள். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மட்டும்தான்.

அதிகாரி மீசை வைத்த மலாய்க்காரர். (மலாயில் 'என்சிக்', அதாவது ஐயா, என்று கூப்பிட வேண்டிய ஆள்.) அட்டை கையில், பேனா காதில். என் கண் கட்டிலைத் தேடியது.

முதலில் விளக்கு. கத்திரிக்காயின் இடது கண் கொம்தார் கட்டடத்தின் உச்சியையும் வலது கண் சாக்கடையையும் பார்த்துக்கொண்டிருப்பதைக் கருவி காட்டிக்கொடுத்தது. ஹார்னை அழுத்தினார். சத்தமில்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினார். யாரும் அழுத்தாமலே ஹார்ன் அலறியது. (வலது பக்கம் போகிறவர்களுக்கு அந்த மரியாதை கிடையாது.) அந்த ஸ்டியரிங்கும், திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சக்கரத்துக்குத் தகவல் சொல்லி அனுப்பியது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு அதிகாரி இறங்கி நடந்தார். வண்டியும் அவர் பின்னாலேயே நடந்தது. மாமா ஓடிப்போய்ப் பின்பெட்டியிலிருந்து ஓர் அரைச் செங்கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, "ஹேண்ட்பிரேக் இதுதான்" என்று மலாயில் விளக்கம் கொடுத்தார்.

அதிகாரி பள்ளத்துக்குள் இறங்கி அடிப்பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் முன் இருக்கைக்குக் கீழே ரப்பர் விரிப்பு தானாக எழும்பியது. விலக்கிப் பார்த்தால், துருப்பிடித்த ஓட்டை வழியாக அதிகாரியின் ஆள்காட்டி விரல் எங்களைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது.

"காத்து வர்றதுக்கு," என்றார் மாமா.

எஞ்சின் மூடியையாவது திறந்து பார்க்கலாம் என்று அதிகாரி வந்தார். திறக்கும் கம்பி அறுந்து அவர் கையோடு வந்துவிட்டது. அந்தக் கம்பியைப் பிடித்தபடி, "இது யாருடைய வண்டி?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் ஒரு ஆண்மகன் என்ன செய்திருக்க வேண்டும்? நான் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

"என்னுடையது இல்லை. இவருடையது."

"யார் பெயருக்கு மாற்றுகிறீர்கள்?"

"என் பெயருக்கு."

"பிறகு ஏன் கையைத் தூக்குகிறீர்கள்?"

கேட்ட பிறகும் எனக்குக் கையை இறக்கத் தோன்றவில்லை. காகிதத்தில் 'காகால்' என்று அச்சாகி வந்தது. மலாயில் 'தோல்வி' என்று அர்த்தம். "ஃபெயில்!" என்று மாமா தேர்வில் முதலாவதாக வந்தவர் மாதிரி சிரித்தார். காடியில் ஏறி உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்பு வாடிவிட்டது. "அதெப்படி மாப்ள, அவளப் பாத்து துருன்னு சொல்லிட்டான்?" என்று வீடு வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

பரீட்சை என்றால் மறுபரீட்சையும் உண்டு என்று நான் வக்கீல் மாதிரி வாதாடினேன். "ஒண்ணே ஒண்ணு. அதுலயும் போச்சுன்னா முடிஞ்சுது," என்றார்.

காடியை ஜெலுத்தோங்கில் ஆ ஹுவாட்டின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பழைய வண்டிகளுக்கென்றே பிறந்த சீனர். ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தார், பிரேக்கை மாற்றினார், அழுத்தினால் மட்டும் கத்த ஹார்னுக்குக் கற்றுக்கொடுத்தார். மாமா தினமும் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து, மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் மாதிரி காவல் இருந்தார். வண்டியை எடுக்கப் போனபோது ஆ ஹுவாட் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணே, இந்தக் காடியில உங்க சாமி இருக்காரு. அங்க மட்டும் நான் கை வைக்கல. அங்கிள் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. நானும் ஊதுபத்தி காட்டிட்டு விட்டுட்டேன்," என்று மலாயில் சொன்னார்.

டேஷ்போர்டில் இருந்த சின்னப் பிள்ளையாரைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "ரொம்ப நல்லது" என்றேன். (பொருள்களைத் துருவித்துருவிப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் நான் என்பதை மறந்துவிடாதீர்கள்.)

மறுபரீட்சை ஒரு வெள்ளிக்கிழமை காலை. அதே அதிகாரி. என்னைப் பார்த்ததும் அவரே இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிச் சிரித்தார். விளக்கு பாஸ். ஹார்ன் பாஸ். உருளைகள் மேல் ஏற்றி பிரேக்கை அழுத்தியபோது கத்திரிக்காய் ஆணி அடித்த மாதிரி நின்றது. மாமாவின் முகம் ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு சுற்று சுருங்கியது. ஆனாலும் என் காதில், "பாத்தீங்களா மாப்ள, எப்படி நின்னா!" என்று கிசுகிசுத்தார்.

வண்டிப் பதிவில் சிவப்பு என்று போட்டிருக்கிறதே, இது என்ன நிறம் என்று அதிகாரி கேட்டார். ஃபெயிலாக இதைவிட நல்ல சந்தர்ப்பம் மாமாவுக்குக் கிடைக்காது. சும்மா இருந்திருந்தால் போதும். ஆனால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, வெயில் படாத உள்விளிம்பில் பளபளத்த அசல் சிவப்பைக் காட்டி, "அம்பது வருஷம் வெயில்ல நின்னா நீங்களும்தான் கறுப்பீங்க" என்றார். அதிகாரி தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, சரி என்றார். தான் செய்த காரியம் அப்போதுதான் மாமாவுக்கு உறைத்தது. தன்மேலேயே கோபப்பட்டுக்கொண்டு கேண்டீனுக்குத் தே தாரிக் (ஆற்றிய பால் டீ) குடிக்கப் போய்விட்டார்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். எஞ்சினில் பொறித்திருக்கும் எண், பதிவில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். அதிகாரி மூடியைத் திறந்தார். டார்ச் அடித்தார். குனிந்தார். இன்னும் குனிந்தார். பிறகு அந்தச் சத்தம் வந்தது.

"ம்ம்ம்."

எட்டிப் பார்த்தேன். எஞ்சின் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெதுவடை ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சளும் சிவப்பும் கருப்புமாக, நடுவில் கொஞ்சம் உப்பி, கல்லைப் போல இறுகி.

விஷயம் இதுதான். வருடாவருடம் ஆயுத பூஜைக்கு மாமா காடியைக் குளிப்பாட்டி, எஞ்சினுக்குச் சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டு வைப்பார். எல்லாத் தமிழ் வீட்டிலும் நடப்பதுதான். மற்றவர்கள் கண்ட இடத்தில் வைப்பார்கள். மாமா இடம் பார்த்து வைத்திருக்கிறார். "பொட்டுன்னா நெத்தியிலதானே வைக்கணும்? காடிக்கு நெத்தி எது? நம்பர் இருக்கிற இடம். அதப் பாத்துதானே அவ யாருன்னு கண்டுபிடிக்கிறாங்க?" என்று பிறகு விளக்கம் சொன்னார். பழைய பொட்டின் மேலேயே புதுப்பொட்டு. எஞ்சின் சூட்டில் அத்தனை வருடத்துச் சந்தனமும் வெந்து வெந்து வடையாகியிருந்தது. ஆ ஹுவாட் ஊதுபத்தி காட்டியது பிள்ளையாருக்கு இல்லை, இதற்கு.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "எண் தெரியாமல் நான் பாஸ் போட முடியாது. சுத்தம் செய்யுங்கள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு மூடிவிடுவோம். அதற்குள் முடியாவிட்டால் வேறு தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள்."

வேறு தேதி என்றால் ஃபெயில். ஃபெயில் என்றால் சாவி மாமாவிடம். என் கண்முன்னால் பூக்கடை அக்கா வந்து போனார். எதிரே வந்த பஸ் வந்து போனது. பிறகு சாந்தி வந்தாள், அவள் மட்டும் போகவில்லை.

பதற்றத்தில் ஒரு மனிதன் எதையெல்லாம் கருவியாக நினைப்பான் என்பதற்கு நானே சாட்சி. வீட்டுச் சாவியால் சுரண்டினேன். சாவி வளைந்தது. தொழிற்சாலை அடையாள அட்டையால் நெம்பினேன். என் புகைப்படம் கழுத்துவரை உடைந்தது. பின்பெட்டியில் இருந்த செங்கல்லைக்கூட எடுத்து வந்து, அதிகாரியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். கடைசியில் குடிக்கிற தண்ணீரை ஊற்றி, ஈரக் காகிதத்தால் வெறி பிடித்தவன் மாதிரி தேய்த்தேன். மேல் பொட்டு கரைந்து, கை முழுக்கச் செக்கச்செவேல் என்று வழிந்தது.

"டேய்!"

கல்யாணமான நாளிலிருந்து மாமா என்னை "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்றுதான் அழைத்திருக்கிறார். அதனால் அந்த "டேய்" எனக்கு இல்லை என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தே தாரிக் கோப்பையோடு ஓடி வந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கொட்டகை முழுக்க எதிரொலிக்கும்படி கத்தினார்:

"நான் இன்னும் உயிரோடதான்டா இருக்கேன்! அதுக்குள்ள அவ பொட்ட அழிக்கிறியே, பாவி!"

எல்லா வரிசையும் அப்படியே நின்றது. பக்கத்து வரிசையில் லாரியோடு நின்ற நம்மாள் ஒருவர், "ஐயய்யோ, யாரு தாலிண்ணே போச்சு?" என்று தலையை வெளியே நீட்டினார். அதிகாரி என்னிடம் திரும்பி, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

கணவன் இறந்தால் மனைவியின் பொட்டை அழிப்பார்கள், இந்தப் பெரியவர் தன்னை இந்த வண்டிக்கு... இதையெல்லாம் மலாயில் எங்கே ஆரம்பிப்பது? மூளை நின்றுவிட்டது. வாய் மட்டும் ஓடியது.

"அவர் இன்னும் சாகவில்லையாம், என்சிக்."

அதிகாரி மாமாவை மேலும் கீழும் பார்த்தார். "ஆமாம். தெரிகிறது," என்றார்.

மாமா எஞ்சினுக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டு நகர மறுத்தார். ஃபெயிலோ பாஸோ அவருக்கு அப்போது முக்கியமில்லை. கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. சாந்திக்கு ஃபோன் போட்டு, நடந்ததை முன்னுக்குப் பின்னாக உளறினேன். அவள் பதில் சொல்வதற்குள் அத்தை ஃபோனைப் பிடுங்கிவிட்டார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க மாப்ள."

போட்டேன்.

"ஏங்க! நான் தெனம் காலையில மூஞ்சி கழுவறேனா இல்லையா?"

மாமா எஞ்சின் மூடியைப் பிடித்துக்கொண்டார்.

"கழுவறப்போ பொட்டு போவுதா இல்லையா? அதுக்காக நீங்க தெனம் காலையில செத்தா போறீங்க? கழுவிட்டுப் புதுசா வச்சா முடிஞ்சுது! அம்பது வருஷமா மூஞ்சியே கழுவாம ஒருத்திய வச்சிருந்துட்டு, பேச வந்துட்டாரு பேச்சு!"

லாரிக்காரர் கை தட்டினார்.

மாமா கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நீ தள்ளுடா. ஒனக்குப் பொம்பளப் புள்ள மூஞ்சி கழுவத் தெரியல. நான் கழுவறேன்."

அதிகாரியே உள்ளே போய் ஒரு குவளையில் சுடுதண்ணீர் கொண்டுவந்தார். மாமா தன் கைக்குட்டையை அதில் நனைத்து, ஒற்றி ஒற்றி எடுத்தார். சிவப்பு போய் மஞ்சள் வந்தது, மஞ்சள் போய் மறுபடி சிவப்பு. ஒவ்வோர் அடுக்காக ஆயுத பூஜைகள் கரைந்து அவர் விரல்களில் வழிந்தன. நானும் அதிகாரியும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஏனோ மூச்சு விடாமல் நின்றோம். வடைக்குள்ளிருந்து முதலில் ஓர் எழுத்து எட்டிப் பார்த்தது. பிறகு எண்கள். அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்துப் பதிவோடு ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

அட்டையில் எழுதப் போனவரை மாமா தடுத்தார். சட்டைப் பையிலிருந்து கோயில் குங்குமப் பொட்டலத்தை எடுத்தார். "வெறும் நெத்தியோட அனுப்ப மாட்டேன். எங்க வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

அதிகாரி யோசித்தார். காதிலிருந்த பேனாவை எடுத்து, எண்ணுக்குக் கொஞ்சம் மேலே தள்ளிக் காட்டினார். "இங்கே வைக்கலாம். எண்ணின் மேல் வேண்டாம்." அரசாங்கச் சம்மதத்தோடு பொட்டு வைத்துக்கொண்ட ஒரே வண்டி உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும்.

பாஸ்.

வெளியே வந்ததும் மாமா சாவியை என் கையில் வைத்தார். வைத்துவிட்டு, விரல்களை உடனே எடுக்கவில்லை. என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார், குறிப்பாகத் தொப்பையை. அந்த "ம்ம்ம்" இப்போது அவரிடமிருந்து வந்தது.

"இனிமே அவளுக்கு நீதான்டா. ஒடம்ப ஒழுங்கா பாத்துக்க. இனிப்பக் கொற. ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவ பொட்டு என்னாவறது?"

அன்றிலிருந்து நான் "மாப்ள" இல்லை, "டேய்"தான். மாமா ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வழி மட்டும் சொல்கிறார், பாதி நேரம் ஒருவழிச் சாலைக்குள். ஆயுத பூஜைக்கு இப்போதெல்லாம் முதல் குங்குமம் அத்தைக்கு, இரண்டாவதுதான் கத்திரிக்காய்க்கு. இது அத்தை போட்ட சட்டம்.

எனக்குச் சர்க்கரை இருப்பது எல்லாருக்கும் தெரியும். காடி என் பெயருக்கு வரும்வரை அதைப் பற்றி என் மாமியார் வீட்டில் யாரும் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. போன தீபாவளிக்கு நெய் மணக்க லட்டு வந்தது. ஒன்று சாப்பிட்டேன். இரண்டாவதுக்குக் கை நீட்டினேன். மாமா, அத்தை, நான் கட்டிய மனைவி மூவரும் தட்டை இழுத்து ஒரே குரலில் சொன்னார்கள்:

"வேணாம்! வெளிய ஒருத்தி பொட்டோட நிக்கிறா!"